ஒன்றரைக் கட்டை

மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள். கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அதில் ஒரு சிறிய மாதா கோயில். வாசலின் இடப்பக்கம் நாற்பது ஜோடி ரப்பர் செருப்புகள் கிடந்தன. எல்லாம் பெண்களுடையவை. சிலவற்றின் வாரில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. நான் என் ஷூவைக் கழற்றவில்லை. படிக்கு வெளியே நின்றபடி கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

நம் வார இதழில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தாம்பரம் அலுவலகத்தில் இருபத்தோரு வருடம் ஆறாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். கோயில், தேவாலயம், தர்கா என்று தென்புறநகரில் எங்கே பக்திப் பாட்டு நடந்தாலும் அந்தப் பக்கத்தில் விமர்சனம் வரும். எழுதுவதும் நான், பக்கத்தை முடிப்பதும் நான். எனக்குப் பெயர் வாங்கித் தந்த நல்ல விமர்சனங்களை விட்டுவிடுகிறேன். அவற்றில் சிலவற்றின் நல்ல வரிகள் என்னுடையவை அல்ல என்பதும் இதில் வரும்.

அந்தக் குப்பத்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வியாகுலப் பாட்டு பாடுவார்கள். மகனின் உடலை மடியில் வைத்துக்கொண்டு மாதா புலம்புவதாக அமைந்த பாட்டு. இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளியன்று, சிலுவையிலிருந்து இறக்கிய அவர் சிலையை, அதாவது சுரூபத்தை, வெள்ளைத் துணியில் கிடத்தி, அதைச் சுற்றி உட்கார்ந்து அதே பாட்டை முழுவதுமாகப் பாடுவார்கள். மற்ற வெள்ளிக்கிழமைகள் அதற்கான ஒத்திகை போல. வாத்தியம் எதுவும் கிடையாது.

எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவன் நான். காது போதாதென்று கைபேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றும் வைத்திருந்தேன். பாட்டு ஆறு மணிக்குத் தொடங்கியபோது செயலி ஐந்து கட்டை காட்டியது. கட்டை என்பது பாடகர் நிற்கும் சுருதியின் அளவு. கச்சேரியில் தொடக்கத்தில் எந்தக் கட்டையோ கடைசிவரை அதே கட்டை. இங்கே ஆறரை மணிக்கு ஐந்தரை ஆகியிருந்தது. ஏழு மணிக்கு ஆறரை. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பினேன்.

ஒன்பது நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை விமர்சனம் வந்தது. அதில் ஒரு வாக்கியம்: "உருக்கம் இருந்தது, ஆனால் ஒரு மணி நேரத்தில் சுருதி ஒன்றரைக் கட்டை மேலே போய்விட்டது, வழிநடத்த ஒரு வாத்தியமாவது இருந்திருக்கலாம்." அளவில் பிழை இல்லை. இன்றும் சொல்வேன், அளவில் பிழை இல்லை.

திங்கட்கிழமை காலை எட்வின் என்பவர் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் கோயிலின் இளைஞர் பாடகர் குழுவை நடத்துபவர். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை.

"சார், ரொம்ப தேங்க்ஸ் சார். கீபோர்டு வைக்கணும்னு நாங்க சொன்னா சின்னப் பசங்கன்றாங்க. நீங்க எழுதின அப்புறம்தான் எங்களுக்கே தைரியம் வந்துச்சு. கட் பண்ணி நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டோம்."

அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கான காரணத்தைச் சொல்ல அமுதாவைச் சொல்ல வேண்டும்.

அமுதா விளம்பரப் பிரிவில் இருந்தார். பம்மல்காரர். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நினைவஞ்சலி விளம்பரங்கள் அவர் பொறுப்பு. இறந்தவரின் படத்தோடு வருகிறவர்களை எதிரில் உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்பார். நான்கு வரி எழுதுவார். சில வீடுகளுக்கு அவரே போவார். அந்த நான்கு வரியை வீட்டார் வெட்டியெடுத்து லேமினேட் செய்து சுவரில் மாட்டினார்கள். சிட்லபாக்கத்தில் என் தெருவிலேயே மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் விமர்சனத்தை யாரும் எதிலும் ஒட்டியதில்லை, எட்வின் ஒட்டும்வரை.

பொறாமை என்ற சொல்லை இங்கேயே எழுதிவிடுகிறேன். பிறகு சுற்றி வளைக்க வேண்டியிருக்காது.

அது விளம்பர வரிகளோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். ஒரு மார்கழியில் சிட்லபாக்கம் ஏரிப்பக்கம் நடந்த பஜனைக்குப் போனேன். அருகில் ஒரு வீட்டுக்கு விளம்பர விஷயமாக வந்திருந்த அமுதாவும் வந்து உட்கார்ந்தார். பாகவதர் தாழ்ந்த சுருதியில் எடுத்தார். "குரலில் வீச்சு இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதினேன். முடிந்து வெளியே வரும்போது அமுதா சொன்னார்:

"வேணும்னே கீழ எடுக்கறாரு சார். பின்னாடி வாக்கர் வெச்சிகினு ஒருத்தர் உக்காந்திருந்தாரே, அவருக்கும் எட்டணும்ல. ஒவ்வொரு அடி முடிஞ்சதும் அவரத்தான் பாத்தாரு."

நான் அந்தப் பெரியவரைக் கவனிக்கவே இல்லை. குறிப்பேட்டில் இருந்ததை அடித்துவிட்டு அமுதா சொன்னதை எழுதினேன். ஞாயிறன்று இரண்டு வாசகர்கள் அழைத்து, அந்த ஒரு வரிக்காகவே பாராட்டினார்கள். நன்றி என்றேன்.

பம்மல் பக்கம் ஒரு தர்காவில், தாயிரா என்ற கைப்பறையை அடித்துக்கொண்டு பாடுகிறவர்களைக் கேட்கப் போனபோதும் இதே கதை. நான் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நபி பேரு வர்ற இடத்துல பாடறவரு வாய மூடிக்கிறாரு, பாத்தீங்களா சார்? கூட்டம் சொல்லட்டும்னு வுட்டுடறாரு" என்றார் அமுதா.

அதுவும் என் பெயரில் வந்தது. அமுதா அதைப் படித்துவிட்டு அடுத்த நினைவஞ்சலியை எழுதப் போனார். அவர் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். குப்பத்துக்குப் போன அன்று அவரை அழைக்கவில்லை. அவர் உதவி இல்லாமல் ஒன்று எழுத வேண்டும் என்றிருந்தது.

எட்வின் அழைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெண் அலுவலகத்துக்குள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலி மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு, "யாரு இங்க பாட்டப் பத்தி எழுதற சாரு?" என்று கேட்டார். அமுதா என்னைக் காட்டினார்.

அவர் பெயர் புஷ்பம். வியாகுலப் பாட்டில் முதல் அடி எடுப்பவர். பத்திரிகைத் துண்டை என் மேசையில் வைத்தார். நான்கு மூலையிலும் குண்டூசி போட்ட துளை இருந்தது. அறிவிப்புப் பலகையிலிருந்து எடுத்து வந்திருந்தார்.

"படி சார். எனக்குக் கண்ணாடி இல்ல."

என் வாக்கியத்தை நானே உரக்கப் படித்தேன்.

"அப்பால?"

"அவ்வளவுதாம்மா."

"எத்தினி மணிக்குக் கெளம்புன நீ?"

"ஏழு மணி."

"பாட்டு முடிஞ்சது ஏழரைக்கு."

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"அடக்கத்துக்கு வந்துட்டு மண்ணு தள்றதுக்குள்ள பஸ்ஸுக்கு ஓடறவங்களப் பாத்துகீறேன் சார். ஓடிப்போய் எழுதவும் செய்வாங்கன்னு இப்பத்தான் பாக்கறேன்."

அமுதா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

புஷ்பம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். பெரிய வெள்ளிக்கு எட்வின் குழு கீபோர்டு வைத்துப் பாடப்போகிறது. பெண்கள் பின்வரிசையில் உட்காரலாம், பாடக் கூடாது.

"எட்வின் நல்ல புள்ள சார். தப்பு சொல்ல மாட்டேன். அவங்க அம்மா என் பக்கத்துல ஒக்காந்து பாடினவ. ஆனா முப்பது வருசமா அந்த சுரூபத்துக்குப் பக்கத்துல ஒக்காந்தவள பின்னாடி போயி ஒக்காருன்னா, நான் இன்னாத்துக்கு அங்க போறது? என் ஊட்டுக்காரரு கடல்ல போனாரு, பொணம் கெடைக்கல. நான் அழுவறது அந்த ஒரு நாளுதான் சார்."

"ஃபாதர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார் அமுதா.

"பெரிய வெள்ளிக்கு முன்னாடி வர்ற குருத்து ஞாயிறு பூச முடிஞ்சதும் கமிட்டி ஒக்காருது. பேப்பர்லயே போட்டுட்டாங்களே, நான் இன்னா சொல்லட்டும்ன்றாரு. பேப்பர்லயே மாத்தி வந்தா கமிட்டியில காட்டறேன்னு சொல்லிட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "பேப்பரால வந்தது பேப்பராலயே போவட்டும் சார்."

"விமர்சனத்துக்கு மறுப்பு போடற வழக்கம் எங்ககிட்ட இல்லம்மா."

"எங்களுக்கும் அந்தப் பாட்டு வழக்கம்தான் சார். அதத்தான் நீ எழுதிக்கெடுத்த."

நான் பதில் சொல்வதற்குள் அமுதா எழுந்து வந்தார். "வர்ற வெள்ளிக்கிழமை நான் வரேங்க்கா. முடியற வரைக்கும் இருக்கேன்" என்றார். மறுப்பாகப் போட வேண்டாம், தனிக் கட்டுரையாகப் போடலாமே என்று என்னிடம் கேட்டார். சரி என்றேன். எழுதத் தெரியாமல் திணறுவார் என்று எதிர்பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை என் மேசையில் நான்கு தாள் இருந்தது. விளம்பரப் படிவத்தின் பின்பக்கத்தில், கையெழுத்தில். படித்தேன். மறுபடியும் படித்தேன். இன்றைக்கும் சில பகுதிகள் மனப்பாடம்.

"ஒருத்திக்கு மூச்சு முடிகிற இடத்தில் அடுத்தவள் எடுக்கிறாள். விட்ட இடத்திலேயே எடுப்பதில்லை. கொஞ்சம் மேலே எடுக்கிறாள். அழுது சாய்ந்தவளைத் தோளைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி. அவளுக்கு முடியாதபோது இன்னொருத்தி. இப்படியே ஏறி ஏறி, யாராலும் அதற்கு மேல் பாட முடியாத இடத்துக்குப் பாட்டு வந்துவிடுகிறது. அங்கே எல்லாரும் நிறுத்துகிறார்கள். கடைசி வரியை யாரும் பாடுவதில்லை. புஷ்பம் அக்கா அதைப் பேசுகிறார். பெற்ற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, சாதாரணக் குரலில். அந்தக் குரலுக்கு வந்து சேரத்தான் ஒன்றரை மணி நேரம் ஏறுகிறார்கள். துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்த சுருதியில் யாரும் அழுது நான் கேட்டதில்லை."

நான் செயலியில் பார்த்த ஒன்றரைக் கட்டை அது. அதே ஏற்றம்தான். நான் அளந்தேன், அவர் உள்ளே உட்கார்ந்து அது எதற்கு என்று பார்த்தார். ஒரு பாட்டை அளக்கும் முன் அதைப் பாடுகிறவர்கள் எதைச் சரி என்று வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஜனைக்கு ஒன்று, தாயிராவுக்கு ஒன்று, வியாகுலத்துக்கு ஒன்று. நான் எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோலோடு போனேன். அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருந்தேன்.

இதை அன்று காலையே புரிந்துகொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று பிறகு யாரும் எனக்காகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்தக் கட்டுரை சரி என்று எனக்குத் தெரியும். என் இருபத்தோரு வருடத்தில் அப்படி ஒரு பத்தி இல்லை என்பதும் தெரியும். இசை படிக்காதவர், துக்க வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டே அதைக் கற்றிருந்தார். நான் படித்த எட்டு வருடத்தை நினைத்துக்கொண்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்தது, தொண்டை கட்டியது எல்லாம். எனக்குக் கிடைக்க வேண்டியது தவறுதலாக அவர் முகவரிக்குப் போய்விட்டது போல இருந்தது. இந்த முறை அவர் வரியை எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது.

புதன்கிழமை ஆசிரியர் கேட்டார்: "அமுதா ஏதோ எழுதியிருக்காளாமே, இந்த வாரம் போகுதா?"

"நல்லா வந்திருக்கு சார். கொஞ்சம் நீளம். ஒண்ணு ரெண்டு விஷயம் சரிபார்க்கணும். அடுத்த வாரம் போட்டுடலாம்."

நல்ல கட்டுரையை நிறுத்துவதற்கு நம் தொழிலில் மரியாதையான சொற்கள் உண்டு. நீளம், சரிபார்ப்பு, இடமின்மை. நான் முதல் இரண்டையும் பயன்படுத்தினேன். நீங்கள் ஒரு பக்கத்தின் பொறுப்புக்கு வரும் நாளில், இந்தச் சொற்களைச் சொல்லும்போது உங்கள் வயிற்றில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். என் வயிற்றில் அன்று எதுவும் நடக்கவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். இரண்டரைக்கு அமுதா வந்து நின்றார்.

"சார், இந்த வாரம் வருதுல்ல?"

"அடுத்த வாரம்மா. கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கு."

"இந்த ஞாயிறுதான் சார் குருத்து ஞாயிறு. அன்னைக்குக் கமிட்டி. அப்பறம் வந்தா பிரயோஜனம் இல்ல."

"ஒரு வாரத்துல என்ன ஆயிடும்?"

அமுதா என் மேசையைப் பார்த்தார். அவருடைய நான்கு தாளும் மேலேயே இருந்தது. எதிலும் ஒரு திருத்தம்கூட இல்லை. அதைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

"என்ன திருத்தணும்னு சொல்லுங்க சார். இப்பவே பண்ணித் தரேன்."

"அவசரத்துல பண்ணக்கூடாதும்மா."

"நான் ஏதாவது தப்பா எழுதிட்டனா சார்?"

"இல்ல இல்ல."

"அக்காகிட்ட சொல்லிட்டேன் சார், ஞாயித்துக்கிழமை வந்துரும்னு."

நான் கணினித் திரையைப் பார்த்தேன். அமுதாவின் மேசைக்கு எதிரில் ஒரு குடும்பம் படத்தோடு காத்திருந்தது. "சரி சார்" என்று திரும்பிப் போனார். ஆசிரியரிடம் அவர் போகவில்லை. விளம்பரப் பிரிவில் இருப்பவருக்கு ஆறாம் பக்கத்தில் இடம் தருவதே என் தயவு என்று அவர் நினைத்திருந்தார்; அப்படி நினைக்கும்படி நான் நடந்துகொண்டிருந்தேன். அன்று அந்த இடத்தில் என் கட்டுரை போனது. இளம் பாடகர்களுக்குச் சுருதி சுத்தத்தின் அவசியம் பற்றி. அதை எழுத எனக்கு நாற்பது நிமிடம் ஆனது.

குருத்து ஞாயிறன்று கமிட்டி உட்கார்ந்தது. மறுநாள் எட்வினிடமிருந்து செய்தி வந்தது. "எல்லாம் ஓகே ஆயிடுச்சு சார். பெரிய வெள்ளிக்கு நீங்க அவசியம் வரணும்."

போனேன். இந்த முறை ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். கைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. சுரூபத்தை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். அதைச் சுற்றி வழக்கமாகப் பெண்கள் உட்காரும் இடத்தில் ஒலிவாங்கிகள் நின்றன. எட்வினின் குழு வெள்ளை உடையில், கையில் தாளோடு நின்று பாடியது. நன்றாகத் தயார் செய்திருந்தார்கள். இளம் குரல்கள், ஒரே சீராக. எட்வின் கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டு வாசித்தார். அவர் முகம் நனைந்திருந்தது. அவருடைய பக்தியில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் காதுக்கு, ஐந்து கட்டையில் தொடங்கிய பாட்டு ஐந்து கட்டையிலேயே நின்றது. ஒன்றரை மணி நேரப் பாட்டு இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. கடைசி வரியையும் பாடினார்கள்.

பின்வரிசையில் புஷ்பம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அமுதா. அந்தக் கடைசி வரி வந்தபோது புஷ்பத்தின் உதடு அசைந்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

வெளியே எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், இன்னிக்கு முடியற வரைக்கும் இருந்துட்ட."

"இருந்தேம்மா."

"சுருதி சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப எழுது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார். அமுதா அவர் பின்னால் போனார்.

அமுதாவின் கட்டுரை அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறாம் பக்கத்தில் அவர் பெயரோடு வந்தது. ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. அன்று ஈஸ்டர்.